பாலையடிக்கேணி நாய்களின் இருமல் நோயும் கழுவாத மருந்துக் குழாயும்

மனுதாரர்:
ஆழ்வாப்பிள்ளை பரமலிங்கம்,
மாட்டு வைத்தியர்,
பாலையடிக்கேணி, தென்மராட்சி.

சமூகம்:
வட மாகாண அரசாங்க ஏசண்டர் துரை அவர்கள்,
கச்சேரி, யாழ்ப்பாணம்.

விஷயம்: நாய்களிடையே பரவும் இருமல் நோயை விசர், அதாவது வெறிநோய், என்று சொல்லி எங்கள் கிராமத்தில் முப்பத்தொரு நாய்களை அடித்துக் கொன்றதும், மிஞ்சிய நாய்களை வருகிற 10ஆம் திகதி சனிக்கிழமை ஒரே கயிற்றில் கட்டிச் சோதிக்க இருப்பதும், அதைத் தடுக்க வேண்டியதும்.

முதலாம் எதிரி: பாலையடிக்கேணிக் கிராமத் தலைவரான விதானையார் நடராசா.
இரண்டாம் எதிரி: பெயர் பதினோராம் பந்தியில் காண்க.

கனம் பொருந்திய ஐயா,

1. மேற்படி கிராமத்தில் முப்பத்திரண்டு வருடமாக மாட்டு வைத்தியம் செய்து வருகிறேன். கச்சேரிக்கு இன்றுவரை ஒரு காகிதம் எழுதியவனல்லேன். என் கோபம் ஊரறிந்தது. அது துரையவர்களின் மேசைவரை வரவேண்டாம் என்று இந்த மனுவை மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காம் முறை எழுதுகிறேன். அப்படியும் எங்காவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளவும்.

2. எங்கள் கிராமத்தில் அறுபத்துநான்கு வீடு. கிழக்கே பற்றைக்காடு, அங்கிருந்து நரி வரும். ஆட்டுக்குட்டியும் கோழியும் வைத்திருக்கிறவர்கள் அழகுக்காக நாய் வளர்ப்பதில்லை. பங்குனியில் தோட்ட வேலை சற்று ஓயும் நாட்களில் எங்கள் ஆட்கள் சிலர் பூநகரிப் பக்கத்துக் காட்டுக்கு வேட்டைக்குப் போவதும் வழக்கம். இவ்வருடம் கதிரவேலு என்பவர் ஒன்பது நாய்களுடன் போய், வேறு ஊர் வேட்டைக்காரருடைய நாய்களும் தம்முடைய நாய்களும் ஒரே கொட்டிலில் கிடக்க, நான்கு நாள் தங்கி, ஏப்ரில் 3ஆம் திகதி திரும்பினார். மான் இறைச்சியும் கொண்டுவந்தார், இருமலும் கொண்டுவந்தார். இறைச்சியை ஊருக்குப் பங்கிட்டவர் அவர். இருமலைப் பங்கிட்டவர் வேறு ஆள்.

3. நோய் இப்படித் தொடங்கும். முதல் நாள் நாய் தீன் தின்னாது. மூக்கு வறண்டு, பிறகு தண்ணீராக ஒழுகி, பிறகு சீழாக ஒழுகும். கண் பீளை கட்டி இமை ஒட்டிப்போகும். இருமும்போது தொண்டையில் முள் சிக்கியது போலக் கழுத்தை நீட்டிக் கக்கப் பார்க்கும், ஒன்றும் வராது. சில நாய்கள் இரண்டு மூன்று கிழமையில் தேறிவிடும். சில செத்துப்போகும். வேறு சில, தேறிவிட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில், தாடை அடித்து, வாய் நுரைத்து, கால் உதறி விழும். இந்தக் கடைசி வகையைக் கண்டுதான் ஊர் கலங்கியது.

4. வைத்தியத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஆடாதோடை, சுக்கு, திப்பிலி சேர்த்துக் கஷாயம் வைத்து, மூங்கிற் குழாயில் ஊற்றி, நாயின் கடைவாயில் வைத்துப் பருக்கினேன். அந்தக் குழாய் என் தகப்பனாருடையது. மாட்டுக்கு மருந்து பருக்கும் பெரிய குழாயல்ல, கன்றுக்கும் ஆட்டுக்கும் உரிய சிறிய குழாய். மருந்து கொடுத்த நாயின் கழுத்தில், கொடுத்த திகதியை எழுத்தாணியால் கீறிய ஓலை நறுக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டினேன். எந்த நாய் நோய்ப்பட்டது என்று பார்த்தவுடன் தெரியவேண்டும், மற்ற நாய்கள் அதனுடன் சேராமல் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே காரணம். மாட்டு நோய்க்கு என் தகப்பனார் கைக்கொண்ட முறை அது. ஏப்ரில் முடிய முன்பே ஓலை கட்டிய நாய்கள் முப்பத்துநான்காயின. அவற்றில் ஒன்பது செத்தன.

5. மே மாதம் 20ஆம் திகதி வியாழக்கிழமை, விதானையாரின் மைத்துனர் முத்துக்குமாரு ஒழுங்கையில் வரும்போது, வலிப்பு வந்து விழுந்து கிடந்த ஒரு நாயைக் காலால் தட்டிப் பார்த்தார். வலிப்பில் கிடக்கிற நாய் தன் வாலையே கடிக்கும். அது அவருடைய குதிக்காலைக் கடித்தது. கூட வந்தவர்கள் அந்த இடத்திலேயே கல்லால் அதன் தலையை நசுக்கிவிட்டார்கள். தலையைத் தக்கவர்களுக்குக் காட்டி உண்மை அறிய இனி வழியில்லை. முத்துக்குமாரு ஆசுபத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டார். இன்று நாற்பத்திரண்டு நாளாகிறது. சுகமாக இருக்கிறார், பின்னேரத்தில் கள்ளும் குடிக்கிறார். அவர் நூறு வயது இருக்கவேண்டும் என்றே என் பிரார்த்தனை.

6. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை விதானையாரிடம் நேரே போனேன். அவர் வைரவர் கோயில் வாசலில் வடைமாலை சாத்துவதற்காக நின்றார். இது விசரல்ல, விசர் நாய் தண்ணீர் குடிக்காது, இந்த நாய்கள் குடிக்கின்றன, விசர் பிடித்த நாய் பத்து நாளுக்கு மேல் இருக்காது, இவை மாதக்கணக்காக இருக்கின்றன என்று சொன்னேன். அவர் சொன்ன மறுமொழியை அப்படியே எழுதுகிறேன்: “பரியாரியார், மாட்டைப் பற்றிக் கதையும், கேக்கிறன். நாயைப் பற்றி எனக்குக் கதைக்காதையும். கடி வாங்கினது உம்மடை மைச்சான் இல்லை.” வெள்ளிக்கிழமை வைரவருக்கு மாலை சாத்தியவர் சனிக்கிழமை வைரவரின் வாகனத்தை அடிக்கப் புறப்பட்டார். இதற்கு மேல் அவருடைய பக்தியைப் பற்றி நான் எழுதவில்லை.

7. மே 22ஆம் திகதி சனிக்கிழமை காலை, விதானையார் எட்டு ஆட்களுடன் என் வேலிவாசல் படலையில் வந்து நின்றார். ஆறு பேரிடம் பூவரசந் தடியாலான கொட்டன், ஒருவரிடம் அலவாங்கு, ஒருவரிடம் சுருக்குக் கயிறு. “உம்மடை எழுத்து உமக்குத்தான் விளங்கும். ஓலையை வாசிச்சுக்கொண்டு முன்னாலை நடவும்” என்றார். ஓலை கட்டிய நாயெல்லாம் விசர் நாய் என்பது அவருடைய தீர்ப்பு. நோயுள்ள நாயை விலக்கி வைத்து மற்றதைக் காப்பாற்றுவதற்காக நான் கட்டிய ஓலை, கொட்டன் விழவேண்டிய இடத்தைக் காட்டும் ஓலையாயிற்று. நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் என்னையும் அடிப்பார்கள் என்று பயந்தேன். நடந்தேன்.

முதல் வீட்டு வளவு கதிரவேலுவினுடையது. அவருடைய வேட்டை நாய்களில் ஐந்து மிஞ்சியிருந்தன. அவற்றில் மூத்தது சூரன். இருமல் நின்று, தேறி, அன்று காலை ஒரு சட்டி கூழ் குடித்திருந்தது. கதிரவேலுவையே கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். எசமான் பிடித்ததால் நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது. நான் குனிந்து ஓலையைப் பார்த்து, “சித்திரை பதினொன்று” என்று வாசித்தேன். முதல் அடி மண்டையில் விழாமல் கண்ணில் விழுந்தது. கண் வெளியே வந்து கன்னத்தில் தொங்கியது. அந்த நாய் அடித்தவன் மேல் பாயவில்லை, எசமானின் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்துகொண்டது. மற்ற அடிகளெல்லாம் அங்கேதான் விழுந்தன. ஒன்று கதிரவேலுவின் முழங்காலிலும் பட்டது. அவர் கயிற்றை விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றுவரை காண்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறார். நான் என்ன சொல்ல? நானும் வாசிப்பதை விடவில்லையே.

அந்த வளவிலேயே ஐந்தும் முடிந்தன. ஆறாம் வளவுக்குப் போகும்போது, நான் திகதியை வாசித்து முடிப்பதற்கு முன்பே அடி விழத் தொடங்கிவிட்டது. சித்திரை என்று சொல்லி வாய் மூடுமுன் என் முகத்தில் இரத்தம் தெறித்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓலையை அறுத்து அடுப்பில் போட்டார்கள். அந்த நாய்கள், கழுத்தில் கயிற்றுத் தடம் இருந்ததற்காக அடிபட்டன. பிறகு தடம் இல்லாத நாய், இருமியதற்காக அடிபட்டது. உச்சி வெயிலாகும்போது இருமாத நாய், குரைத்ததற்காக அடிபட்டது. ஒரு கொட்டன் முறிந்துபோக, பிடித்திருந்தவன் வேலியிலிருந்து ஒரு கதிகாலைப் பிடுங்கிக்கொண்டான். கிணற்றடியில் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் தொடங்கினார்கள். ஒருவன் சிரித்தான். யார் என்று எனக்குத் தெரியும், கேட்டால் சொல்வேன்.

8. கதிரவேலுவின் வளவுக்கு அடுத்த வளவு, கணபதியின் விதவை சின்னத்தங்கம் என்பவருடையது. அங்கே சிவப்பி என்ற பெட்டை நாய் ஒன்றும், அதன் நான்கு குட்டிகளும், இரண்டு கடுவன்களும் இருந்தன. அந்த வீட்டு நாய்களுக்கு ஓலை இல்லை, ஏனெனில் நோய் இல்லை. அந்த வளவை அவர்கள் காலையில் விட்டுப் போய், எல்லாம் முடிந்த பிறகு, கை ஓயாமல், திரும்பி வந்தார்கள். சின்னத்தங்கம் படலைக்குப் பின்னால் உலக்கையுடன் நின்றார். “என்ரை நாயளுக்கு ஓலையும் இல்லை, இருமலும் இல்லை. படலை திறக்கமாட்டன்” என்றார். “உடையுங்கோடா” என்றார் விதானையார்.

படலை அலவாங்கால் உடைக்கப்பட்டது. முதலில் புகுந்தவனின் தோளில் சின்னத்தங்கம் உலக்கையால் ஒன்று வைத்தார். அதை நான் கண்டேன். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் காணவில்லை என்று சொல்வேன். அடுத்த கணம் கொட்டன் அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. பச்சை மட்டை முறிகிற சத்தம் படலைக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. கை தொங்க அவர் அங்கேயே இருந்துவிட்டார். கடுவன் இரண்டையும் வேலியோடு வைத்து அடித்தார்கள். சிவப்பி குட்டிகளின் மேல் படுத்துக்கொண்டது, எழும்பவில்லை. எழும்பாமலே அதை அடித்து முடித்தார்கள். முதுகு முறிந்த பிறகும் அது பின்னங்காலை இழுத்து ஒரு குட்டியை வயிற்றுக்குக் கீழே கொண்டுபோனது. நான்கு குட்டிகளில் இரண்டு அடியில் நசுங்கின. மற்ற இரண்டும் தாயின் உடலுக்குக் கீழே கிடந்து தப்பின. உடல்களை இழுத்துப்போக ஆட்கள் வருமுன் சின்னத்தங்கம் இடது கையால் அவற்றை எடுத்தார். அந்த நேரமெல்லாம் நான் வெளியே நின்றேன். ஒரு பெண்ணின் கையை ஒடிக்கிறார்கள், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

9. கொன்ற முப்பத்தொரு நாய்களையும் மேற்குப் பக்கத்துப் பனங்காணிக்குள் இருக்கும் பாழ்ங்கிணற்றில் போட்டார்கள். புதைக்கச் சொன்னேன். வெயில் ஏறிவிட்டது, ஆட்கள் களைத்துவிட்டார்கள் என்றார் விதானையார். அவற்றில் ஒன்று சாகாமல் விழுந்தது. அது அன்று முழுவதும் ஊளையிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓய்ந்தது. மழை தொடங்கினால் அந்தக் கிணற்றின் ஊற்று எங்கள் கேணியோடு சேரும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

10. ஜூன் மாதம் 8ஆம் திகதி ரயிலேறி யாழ்ப்பாணம் போய், மிருக வைத்தியம் படித்து அத்துறையில் வேலை பார்க்கும் ஒருவரைக் கண்டேன். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் விதானையாரின் மேல் முறைப்பாடு சொல்லத்தான் போனேன். அவர் நோயின் குறிகளையெல்லாம் கேட்டு, இது விசரல்ல, நாய்க்கு நாய் தொற்றுகிற ஒரு இருமல் நோய், மூச்சிலும் மூக்குச் சளியிலும் எச்சிலிலும் பரவும், தலைக்கு ஏறினால் வலிப்பு வரும் என்று சொன்னார். எனக்குப் பெரிய சந்தோஷம். நான் சொன்னது சரியாய்ப் போயிற்று என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அப்போது அவர், “மருந்து எதாலை பருக்கினனீங்கள்?” என்று கேட்டார். குழாய் என்றேன். “எல்லா நாய்க்கும் ஒரே குழாயோ?” ஓம் என்றேன். “ஒவ்வொரு தரமும் கழுவினனீங்களோ?”

ஐயா, மாட்டு வைத்தியன் குழாயைக் கழுவமாட்டான். மருந்து ஊறிய குழாயில்தான் பாதி வீரியம் இருக்கிறது, கழுவினால் கைராசி போய்விடும் என்பது எங்கள் தொழிலில் உள்ள நம்பிக்கை. என் தகப்பனார் கழுவவில்லை, அவருடைய தகப்பனாரும் கழுவவில்லை. கழுவுவதில்லை என்று அவருக்குப் பெருமையோடுதான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பேசியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

திரும்பி வரும் ரயிலில் ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தேன். கதிரவேலு வீட்டிலிருந்து நான் எந்த வீட்டுக்குப் போனேனோ அந்த வீட்டுக்கு நான்கைந்து நாளில் நோய் போயிருக்கிறது. ஒரு நாய் இருமினால், கூட நிற்கிற நாய்க்கும் காவலாக இருக்கட்டும் என்று அந்தக் குழாயாலேயே ஒரு மிடறு பருக்குவேன். நான் போகாத வீடு ஒன்றே ஒன்று. சின்னத்தங்கத்தின் பசு நான்கு வருடத்துக்கு முன் என் மருந்து குடித்த மூன்றாம் நாள் செத்துப்போனது. அன்று முதல் அவர் என்னோடு கதைப்பதில்லை. இந்த ஏப்ரிலில் நானாகப் போய்ப் படலையில் நின்று, உன் நாய்களுக்கும் காவலுக்கு மருந்து தரட்டோ என்று கேட்டேன். “உம்மடை குழாய் என்ரை படலை தாண்டப்படாது” என்றார். நாய்களைக் கதிரவேலுவின் வேலியிலிருந்து விலக்கிக் கிணற்றடியில் கட்டி, தனிச் சட்டியில் தண்ணீர் வைத்து, வேறு நாய் வராமல் பார்த்திருக்கிறார். இரண்டு பக்க வளவிலும் நாய் இருமிச் செத்தது. நடுவில் இருந்த வளவில் ஒரு நாயும் இருமவில்லை. அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் தெரியாது. என்னை நம்பக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அது போதுமாயிருந்தது.

11. ஆகையால் இந்த முறைப்பாட்டின் இரண்டாம் எதிரி, பாலையடிக்கேணி ஆழ்வாப்பிள்ளை பரமலிங்கம், அதாவது இதை எழுதுகிற நான். விதானையார் நடராசா முப்பத்தொரு நாய்களைக் கொன்றார். அந்த நோயை வீட்டுக்கு வீடு கொண்டுபோய், வாயைத் திறந்து, தொண்டைக்குள் ஊற்றியவன் நான். அவர் கொட்டனால் செய்ததை நான் கஷாயத்தால் செய்தேன். அவருக்கு ஒரு சனிக்கிழமை போதுமாயிருந்தது, எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இன்னொரு குற்றமும் உண்டு. அதை எழுதவே மூன்று முறை மனுவைக் கிழித்தேன். என் வளவிலும் ஒரு நாய் உண்டு, பெயர் கட்டையன். மே 19ஆம் திகதி அதற்கு வலிப்பு வந்து நுரை தள்ளியது. அதன் கழுத்திலும் ஓலை இருந்தது. சனிக்கிழமை ஆட்கள் வரப்போகிறார்கள் என்று முன்னமே கேள்விப்பட்டு, ஓலையை அவிழ்த்து எரித்து, நாயைச் சாக்கில் போட்டுப் புகையிலைக் குடிலுக்குள் மறைத்துவிட்டேன். அதன் பிறகுதான் மற்றவர்களுடைய நாய்களின் ஓலையை வாசிக்க நடந்தேன். கட்டையன் இன்றும் இருக்கிறது. ஒரு பின்னங்கால் ஓயாமல் துடிக்கிறது, மற்றப்படி தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது. விசர் பிடித்த நாய் வலிப்புக்குப் பிறகு நாற்பது நாள் இருப்பதில்லை. இது விசரல்ல என்பதற்கு இந்த ஊரில் மிஞ்சியிருக்கிற சாட்சி அந்த ஒரு நாய்தான். நான் கோழையாக இருந்ததால்தான் அந்தச் சாட்சி மிஞ்சியது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

12. இப்போது நடப்பது என்னவென்றால், ஊரில் பதினேழு நாய்கள் மிஞ்சியிருக்கின்றன. நாயிழந்தவர்கள் வெளியூரிலிருந்து ஆறு குட்டிகள் கொண்டுவந்து, செத்த நாய் கிடந்த அதே சாக்கில் படுக்கவிட்டு, அதே சட்டியில் சோறு வைத்தார்கள். நான்கு குட்டிகள் இருமத் தொடங்கிவிட்டன. அடித்தால் நோய் ஒழியும் என்றார்கள், நாய்தான் ஒழிந்தது. இதைக் கேள்விப்பட்ட விதானையார், வருகிற 10ஆம் திகதி சனிக்கிழமை எல்லா நாய்களையும் சந்தைவெளிக்குக் கொண்டுவந்து ஒரே வடக்கயிற்றில் வரிசையாகக் கட்டவேண்டும், சோதித்து இருமுகிற நாயை அங்கேயே அடிக்கவேண்டும், வராத வீட்டுக்குள் ஆட்கள் புகுவார்கள் என்று பறையறைவித்திருக்கிறார். சோதித்துச் சொல்ல என்னையே வரச் சொல்லியிருக்கிறார். இருமுகிற நான்கையும் இருமாத பத்தொன்பதையும் மூக்கோடு மூக்காக ஒரு காலைப்பொழுது கட்டிவைத்தால், அடுத்த கிழமை இருபத்துமூன்றும் இருமும். பிறகு அவற்றையும் அடிக்கலாம். சின்னத்தங்கம் இடது கையால் வளர்க்கிற சிவப்பியின் இரண்டு குட்டிகளும் அந்தக் கயிற்றுக்கு வரவேண்டியவை. அவர் கொண்டுபோகமாட்டார். ஆட்கள் மறுபடியும் போவார்கள். இந்த முறை ஒரு மணிக்கட்டோடு நிற்காது என்று அஞ்சுகிறேன்.

13. ஆதலால் துரையவர்களிடம் நான் கேட்பது: முதலாவது, பத்தாம் திகதிக்கு முன்பே அந்தக் கூட்டத்தை நிறுத்தி ஒரு கட்டளை வரவேண்டும். அரசாங்க மிருக வைத்தியர் ஒருவர் வந்து, நாய்களை அவையவை இருக்கிற வளவிலேயே பார்க்கவேண்டும். இருமுகிற நாயை வீட்டின் ஒரு மூலையில் ஆறு கிழமை தனியே கட்டி, தனிச் சட்டி வைத்து, அதைத் தொட்டவர் கை கழுவாமல் வேறு நாயைத் தொடாமல் இருக்கவேண்டும். செத்த நாயின் சாக்கையும் ஓலைப்பாயையும் எரிக்கவேண்டும், சட்டியை உடைக்கவேண்டும். நோய் கண்ட ஊரிலிருந்து நாய்களை வேட்டைக்குக் கொண்டுபோவதையும், அவ்வூருக்குப் புதுக்குட்டி கொண்டுவருவதையும் நோய் ஓயும்வரை விலக்கவேண்டும். மாட்டு வைத்தியர்கள் ஒரு குழாயை இரண்டு வாயில் வைப்பதாயிருந்தால் நடுவில் கொதிநீரில் போடவேண்டும் என்று மாகாணம் முழுவதும் அறிவிக்கவேண்டும். என் தொழிற்காரர்கள் இதற்காக என்னை வைவார்கள். வையட்டும்.

சின்னத்தங்கத்தின் கையை ஒடித்ததைப் பற்றித் தனியே விசாரிக்கவேண்டும். அந்த விசாரணைக்கு நான் எங்கே வரச் சொன்னாலும் வருவேன், நடந்ததையெல்லாம் சொல்வேன், எட்டாம் பந்தியில் குறித்த உலக்கை விஷயம் நீங்கலாக.

14. எதிரிகள் இருவருக்கும் தண்டனை என்னவென்று சட்டம் அறிந்தவர்கள் சொல்லட்டும். நான் ஒன்று கேட்கிறேன். மாரி தொடங்குவதற்கு முன், அந்தப் பாழ்ங்கிணற்றை இறைத்து, உள்ளே கிடப்பதை மேலே எடுத்து, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்கும்படி எங்கள் இருவருக்கும் கட்டளையிடவேண்டும். ஆட்களை வைத்துச் செய்விக்க விதானையாரை விடக்கூடாது. கயிற்றின் ஒரு நுனியை அவர் பிடிக்கட்டும், மறு நுனியை நான் பிடிக்கிறேன். கழுத்தில் ஓலையோடு வருகிறவற்றை நான் வாசிக்கிறேன். அன்று வாசித்து முடிக்கவிடவில்லை.

15. இத்துடன் என் மருந்துக் குழாயைச் சாட்சிப் பொருளாக ஒப்படைக்கிறேன். சாட்சி என்பதால் இப்போதும் கழுவவில்லை. மூன்று சுற்றுத் துணியில் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியிருக்கிறேன். கச்சேரியில் இதை அவிழ்க்கிறவர் வீட்டில் நாய் இருந்தால், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்பே வீட்டுக்குப் போகும்படி தயவுசெய்து சொல்லவும்.

பாலையடிக்கேணி,
1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆம் திகதி.

தங்கள் கட்டளை வரும்வரை எந்தப் படலைக்குள்ளும் மருந்தோடு போகாதிருக்கிற,
ஆ. பரமலிங்கம்

சாட்சி:
கணபதியின் விதவை சின்னத்தங்கம். வலது மணிக்கட்டு எலும்பு இன்னும் கூடாதபடியால் இடது பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார். மனு முழுவதையும் ஒழுங்கையில் நின்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். உலக்கை விஷயத்தை எடுத்துவிடட்டோ என்று கேட்டேன். “இருக்கட்டும், அடிச்சனான்தானே” என்றார். புதிதாகக் கட்டிய படலையை அவர் திறக்கவில்லை. ஒரு செம்பு தண்ணீரை மேலாக நீட்டி, என் கை இரண்டையும் கழுவச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்று, அதன் பிறகே காகிதத்தை வாங்கினார்.